கல்யாணத் துப்பாக்கிகள்

துபாய்க்கு வடக்கே ராசல்கைமாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் வாரத்தில் ஆறு நாளும் இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும்தான். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு. அந்த ஒருநாளில் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் போன் பேச வேண்டும், வாரம் முழுக்க வெல்டிங் வெளிச்சத்தில் வெந்த கண்ணுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டாவது காண்ட்ராக்ட் போட்டுத் திரும்பிப் போன வருஷம் அந்த வெள்ளிக்கிழமையும் கையை விட்டுப் போயிற்று.

காரணம் எங்கள் அர்பாபின் அப்பா. அர்பாப் என்றால் முதலாளி. அவருடைய அப்பாவை நாங்கள் பெரிய அர்பாப் என்போம். பட்டறைக்குப் பின்தெருவில் பெரிய வீடு. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அர்பாப் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு என் அப்பா வீட்டுக்குப் போ. தோடா காம் ஹை, பஸ்" என்றார். கொஞ்சம் வேலைதானாம். கேட்டில் கீல் உடைந்திருக்கும், பத்து மணிக்குள் முடித்துவிட்டு வந்து படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கார் நிறுத்தும் ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல் துப்பாக்கிகள். சில முழுசாக, சில கட்டை வேறு குழல் வேறாக. நான் படியிலேயே நின்றுவிட்டேன். பெரிய அர்பாப் கீழே பாயில் உட்கார்ந்து உப்புத்தாளை வைத்து ஒரு கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒரு குழலை எடுத்து அதன் வாயை என் பக்கம் திருப்பி, விரலால் தட்டிக் காட்டினார். உள்ளே ஓட்டை கிடையாது. இரும்புக் கம்பியை அடித்து அடைத்திருந்தது.

"யோலா" என்றார்.

கல்யாண வீடுகளில் ஆண்கள் வரிசையாக நின்று ஆடுவதைப் போகும்போது வரும்போது பார்த்திருக்கிறேன். கம்பை அசைத்துக்கொண்டு மெதுவாக ஆடுவார்கள். நடுவில் இளவட்டங்கள் துப்பாக்கியைச் சுழற்றிச் சுழற்றி வானத்தில் எறிந்து பிடிப்பார்கள். அந்த ஆட்டத்துக்குப் பேர்தான் யோலா. முந்தி நிஜத் துப்பாக்கியை வைத்து ஆடுவார்களாம். இப்போது டி.வி.யில் போட்டி எல்லாம் வைத்துவிட்டார்கள், பையன்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று வேண்டும். மரக்கட்டையும் அடைத்த குழாயும் பித்தளைப் பட்டையுமாகச் செய்தால் போதும், எடை மட்டும் சரியாக இருக்க வேண்டும். பெரிய அர்பாப் சொந்தக்காரர்களுக்கென்று வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது. கை நடுக்கம். ஒரு கட்டையில் குழாயை உட்கார வைப்பதற்குள் நாலு தடவை கீழே விழுந்தது.

அவரிடம் இருந்த சாமான் ஒரு டிரில், ஒரு சுத்தியல், சமையலறைக் கத்தி ஒன்று. பட்டறையிலிருந்து நான் கொண்டுபோன வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினால் மரத்தில் பல் பதிகிறது. கையில் பிடித்தால் உருளுகிறது. நான் முதல் வெள்ளிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். அடுத்த வாரம் பட்டறையில் கிடந்த, எல் மாதிரி மடங்கிய ஆங்கிள் இரும்புத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், இரண்டு கால் வைத்த ஒரு தாங்கி செய்தேன். உச்சியில் பள்ளம். பள்ளத்தில் பழைய கார்ப்பெட்டை வெட்டி ஒட்டினேன். தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி கட்டையை அதில் போட்டால் அசையாது, கீறலும் விழாது. பித்தளைப் பட்டையை வளைக்க ஒரு பைப் துண்டை மேசையில் அசையாமல் இறுக்கி, அதற்கு ஒரு பிடி வைத்தேன்.

எடை பார்க்கத்தான் கஷ்டம். எறிந்த துப்பாக்கி காற்றில் ஒழுங்காகச் சுற்ற வேண்டுமென்றால் கை பிடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பெரிய அர்பாப் அதை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்துச் சொல்வார். விரல் நடுங்கும். நான் ஆங்கிளைக் கூரையைப் போலக் கவிழ்த்து ஒரு ஸ்டாண்டில் வைத்தேன். அந்த முனையில் துப்பாக்கியை வைத்தால் எந்தப் பக்கம் கனம் என்று அதுவே சாய்ந்து சொல்லும். குழல் பக்கம் சாய்ந்தால் கட்டைக்குள் மீன்வலை ஈயத்தைப் போட்டு மூடிவிடுவோம்.

அதைப் பார்த்த அன்றைக்குப் பெரிய அர்பாப் எழுந்து நின்று என் தோளைத் தட்டினார். "சபாஷ் மலபாரி!"

"மலபாரி இல்ல பாபா. தமிழ்நாடு."

"குல்லு சவா சவா" என்றார். எல்லாம் ஒன்றுதானாம்.

அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் புரிந்துவிட்டது, இனி வெள்ளிக்கிழமை இல்லை என்று. வேலை சுலபமானால் சீக்கிரம் விடுவார் என்று நினைத்திருந்தேன். வேலை சுலபமானதும் அவர் ஆர்டரைக் கூட்டிக்கொண்டார். கெட்ட மனுஷன் கிடையாது. மத்தியானம் தன் தட்டிலிருந்தே மீனைப் பிய்த்து என் சோற்றில் வைப்பார். தொழுகை முடித்து வந்து, தூங்கிவழியும் என்னைப் பார்த்து, காவா என்கிற அரபிக் காப்பியை ஊற்றிக் கையில் கொடுப்பார். நான் தூங்குவதற்குக் கொடுக்கவில்லை, விழிப்பதற்குக் கொடுத்தார்.

அப்போது என்னோடு ரூமில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கம்பெனி ஆபீஸில் டைப்பிங் வேலை. வளைகுடாவுக்கு வந்து ரொம்ப வருஷமாகிவிட்டதால் அரபி தண்ணீராக வரும். விசா ஆபீஸ், முனிசிபாலிட்டி என்று எங்கே போனாலும் அர்பாப் அவரைத்தான் கூட்டிப் போவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். அதிகம் பேசமாட்டார். மறுபடி சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதையை மூடியிருந்த காலம் அது. அம்மா அங்கே தனியாக இருந்தார். போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டி நம்பரை அழுத்துவார். லைன் கிடைக்காது. கார்டை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு சோற்றுக்கு அரிசி கழுவப் போய்விடுவார்.

கோடையில் ஒருநாள். ஷெட்டில் உட்கார முடியாத வெக்கை. பாதி வேலையான ஒரு துப்பாக்கியை ரூமுக்கு எடுத்து வந்து, ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கட்டிலில் வைத்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்தார். கையில் தக்காளிப் பை. உள்ளே வரவில்லை.

"தம்பி, உதென்ன?"

"யோலா துப்பாக்கிண்ணே. பெரிய அர்பாப் வீட்டு வேலை. வெறும் மரம்."

"வெளியில கொண்டுபோம்."

"சுடாதுண்ணே. இங்க பாருங்க, வாயை அடைச்சிருக்கு."

"அது எனக்கும் தெரியும். வெளியில கொண்டுபோம் எண்டு சொல்லுறன்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஏ.சி. வெளியே போகிறதென்று எப்போதும் முணுமுணுக்கிற மனிதர், கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதைத் துணியில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்தபோது என் கட்டிலில் விழுந்த மரத்தூளை அவரே பெருக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் எந்தத் துப்பாக்கியையும் ரூமுக்கு எடுத்து வரவில்லை.

குளிர்காலம் வந்தது. கல்யாண சீஸன். பெரிய அர்பாபின் தங்கை பேரனுக்குக் கல்யாணம். ஆட வருகிற பையன்களுக்கெல்லாம் புதுத் துப்பாக்கி என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதே தை மாசத்தில் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. முறை செய்ய நான்தான் போக வேண்டும். அர்பாபிடம் லீவு கேட்டேன். "அப்பாவின் வேலையை முடி. முடித்த மறுநாள் என்னிடம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போ" என்றார். பேச்சு மாறுகிற ஆளில்லை அவர். அதனால் டூட்டி முடிந்த பிறகும் போய் ஷெட்டில் உட்கார்ந்தேன். மரத்தூள் மூக்கிலேயே தங்கிவிட்டது. சாப்பிடுகிற சோறெல்லாம் தேக்கு வாசனை.

எல்லாம் முடிந்து, கடைசியாக ஒரு பங்குக்கு மட்டும் கட்டையில் குழாயைப் பூட்டாமல் இருந்தது. கல்யாண வீட்டிலேயே போய்ப் பூட்டிக் கொடு, அவரவர் கைக்கு எடை பார்த்துக் கொடு என்றார் பெரிய அர்பாப். பிக்கப்பில் ஏற்றினேன். செய்து முடித்த துப்பாக்கிகள், கட்டைகள், குழாய்கள், என்னுடைய தாங்கி, எடை ஸ்டாண்டு, டிரில், ஈயப் பொட்டலம். மேலே தார்ப்பாயைக் கட்டினேன். கதவு டெலிவரிக்காக லைசென்ஸ் எடுத்திருந்ததால் நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மலைப்பக்கம் திரும்புகிற ரோட்டில் போலீஸ் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிய போலீஸ்காரருக்கு என் வயசு இருக்கும். முதலில் சிரித்தார். ஒரு துப்பாக்கியை எடுத்து அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். யோலா அவருக்குத் தெரியாதா! அப்புறம் கீழே கிடந்த குழாய்களைப் பார்த்தார். தாங்கியைப் பார்த்தார். டிரில்லைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் பெரியவர், தோளில் பட்டை உள்ளவர். எடை ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் செய்தது என்று அரபியில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரபி கொஞ்சம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது.

"அனா" என்றேன். நான்தான்.

அவர்கள் செய்தது தப்பென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை. வெளிநாட்டுக் கூலிக்காரன் ஒருவன் தனியாகப் பிக்கப்பில் குழலும் கட்டையும் அதைப் பூட்டுகிற சாமானும் கொண்டுபோகிறான் என்றால் யாராக இருந்தாலும் கேட்கத்தானே செய்வார்கள். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். போன் பண்ணிக்கொள் என்றார்கள். அர்பாப் எடுக்கவில்லை. பெரிய அர்பாபிடம் மொபைலே கிடையாது. வேறு யாரைக் கூப்பிடுவது? ஆபீஸுக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணன்தான் எடுத்தார்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். லைன் போய்விட்டதோ என்று, "அண்ணே, அண்ணே" என்றேன்.

"நீர் ஒண்டும் கதையாதையும். நான் வாறன்" என்று வைத்துவிட்டார்.

டாக்ஸியில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை அக்குளில் நனைந்திருந்தது, அந்தக் குளிரிலும். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேரே அதிகாரியிடம் போய் ஸலாம் சொன்னார். என்னுடைய அடையாள அட்டை, தன்னுடையது, கம்பெனி அட்டை எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பேசினார். அதிகாரி கேட்டுவிட்டு, சரி, அவன் செய்கிற மாதிரி என் முன்னால் ஒன்றைப் பூட்டிக் காட்டட்டும் என்றார்.

தாங்கியைத் தரையில் வைத்தார்கள். அதை மேசையில் இறுக்கினால்தான் நிற்கும், தரையில் ஆடுகிறது. "நீ பிடி" என்று அதிகாரி அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் குந்தி உட்கார்ந்தார். தாங்கியை ஒரு கையால் பிடித்து, கட்டையை மறு கையால் அமுக்கிக்கொண்டார். நான் குழாயைப் பொருத்தி, பட்டையைப் போட்டுத் திருகினேன். ஆயிரம் தடவை செய்த வேலை. அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கண் துப்பாக்கியில் இல்லை, தரையில் டைல்ஸுக்கு நடுவே ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அண்ணனுடைய அட்டையைப் புரட்டினார். "ஸ்ரீலங்கா? அங்கே சண்டை நடக்கிறதே?"

"ஐவா" என்றார் அண்ணன். ஆமாம்.

"துப்பாக்கி பிடித்திருக்கிறாயா?"

அண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அரபியில் சொன்னாலும் எனக்குப் புரிந்தது. "இல்லை. இன்றைக்குத்தான்."

பூட்டி முடித்ததை அதிகாரி வாங்கிப் பார்த்தார். குழல் வாயில் பேனாவை விட்டுப் பார்த்தார், போகவில்லை. உள்ளே சுடுகிற பாகம் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மேலே கேட்டுத்தான் விட முடியும் என்றார்.

அண்ணன் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்திருந்ததால், அதற்குள் அர்பாபும் பெரிய அர்பாபும் வந்துவிட்டார்கள். பெரிய அர்பாப் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். என் கல்யாணத்துக்கு நான் ஆடியபோது நீங்களெல்லாம் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மேசையிலிருந்து ஒன்றை எடுத்தார். யாரும் தடுப்பதற்குள் சுழற்றித் தலைக்கு மேலே எறிந்தார். அது நன்றாகத்தான் சுற்றியது. அவர் கைதான் போய்ச் சேரவில்லை. தரையில் விழுந்து உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவர் கையை நீட்டியபடியே நின்றார். ரோட்டில் என்னைப் பிடித்த அந்தப் போலீஸ்காரர் குனிந்து எடுத்தார். மெதுவாக, மரியாதையாக, இரண்டு சுற்றுச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, "நல்ல எடை, பாபா" என்றார். கிழவர் அவர் கன்னத்தைத் தொட்டார். அதன் பிறகு டீ வந்தது.

சாயங்காலம் என்னை விட்டுவிட்டார்கள். சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மேலே இருந்து பதில் வரும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். அர்பாப் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். தை மாசக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவது அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வர வேண்டும். வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

பிக்கப்பை நான் ஓட்டினேன், அண்ணன் பக்கத்தில். பெட்ரோல் பங்க் வந்ததும் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தார். ஏறி உட்கார்ந்து உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். மறுபடி இறங்கிப் போய்க் கழுவினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்.

"எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில ஒருநாள் ஒண்டு கிடந்தது. உண்மையானது. என்ர தம்பி சாப்பிட வந்தவன். அம்மா அதைத் தள்ளி வச்சிட்டுத்தான் அவனுக்குச் சோத்துக் கோப்பை வச்சவ."

"அப்புறம்ணே?"

"பிறகென்ன. சாப்பிட்டான். அதை எடுத்துக்கொண்டு போயிட்டான்."

ரூமுக்கு வந்து அவர் வழக்கம்போல அரிசி கழுவினார். நான் வெங்காயம் வெட்டினேன்.

தங்கை கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் இடத்தில் சித்தப்பா மகன் நின்று முறை செய்தானாம். தங்கை போனை வாங்கி, "நீ சாப்பிட்டியாண்ணே?" என்றாள். அவள் கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாப்பிட்டேன் என்றேன். அதற்குள் போட்டோ எடுக்க அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரிய அர்பாப் வீட்டுக் கல்யாணத்தில் பையன்கள் பழைய துப்பாக்கிகளை வைத்தே ஆடினார்களாம். சில வாரம் கழித்துச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அர்பாப் தன் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி வீட்டில் இந்த வேலை வேண்டாம், வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம் என்று. பெரிய அர்பாப் ஒருநாள் பட்டறைக்கே நடந்து வந்தார். நான் வெல்டிங் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு எழுந்தேன். என் பக்கத்தில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "மாலிஷ்" என்றார். மன்னித்துக்கொள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போகட்டும் விடு என்றும் எடுத்துக்கொள்ளலாம். "மாலிஷ் பாபா" என்று நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் தீப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

சித்திரையில் லீவு கிடைத்தது. ஊருக்குப் போய்த் தங்கையின் புகுந்த வீட்டில் ஒரு பகல் இருந்தேன். மாப்பிள்ளை கல்யாண சி.டி.யைப் போட்டுக் காட்டினார். பாதியில் நான் தூங்கிவிட்டேனாம்.

திரும்பி வந்தபோது அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கப்பலில் கூட்டிவர ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார், தான் கொழும்பில் போய் நிற்க வேண்டும், வேலையை விட்டுவிட்டேன் என்றார். இத்தனை வருஷ வேலையை விட்டுவிட்டேன் என்று, டீ குடித்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னார். டாக்ஸிவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "உடம்பைப் பாத்துக்கொள்ளும். எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லாதையும்" என்றார். அவர் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி அதுதான்.

அந்தக் கோடை முழுக்க அவரிடமிருந்து தகவல் இல்லை. அவர் கட்டிலுக்கு ஒரு நேபாளி வந்தார். நான் ஷார்ஜாவில் ஏ.சி. டக்ட் கம்பெனி ஒன்றுக்கு மாறப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து போன்.

"தம்பி, நான்தான். அம்மா வந்து சேந்திட்டா."

"எப்படிண்ணே இருக்காங்க?"

"இருக்கிறா. கொழும்பில ஒரே வெக்கையாம், தண்ணி உப்பாம், நான் காய்ச்சின கறியில புளி கூடிப்போச்சாம். விடியவிருந்து என்னை ஏசிக்கொண்டிருக்கிறா."

பின்னால் ஒரு வயசான குரல், யாரோடு இவ்வளவு நேரம் கதை என்று கேட்டது. அண்ணன், "ராசல்கைமாப் பொடியன், அம்மா" என்று திரும்பிச் சத்தமாகச் சொன்னார். அத்தனை நாள் ஒரே ரூமில் இருந்தும், அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.